பழைய கெப்புக்குப் பெரிய எஞ்சின்: ஏற்றத்தை வென்றால் மட்டும் போதுமா?

மலையகத்தில் கெப் வாகனம் சொகுசுக்காக வைத்திருப்பதல்ல. விடியுமுன் லீக்ஸ், கரட், கோவா மூட்டைகளை நுவரெலியா பொருளாதார மத்திய நிலையத்துக்குக் கொண்டுபோவதும் அதுதான். நடு இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதுதான். அக்கரப்பத்தனை, டயகம, மன்ராசி பக்கத்தில் இன்றும் ஓடும் கெப்புகளில் பல முப்பது வருடங்களைத் தாண்டியவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. நீங்கிய பிறகும், வரியோடு சேர்ந்த விலை ஒரு தோட்டத்துக் குடும்பத்துக்கு எட்டும் உயரத்தில் இல்லை. ஆகவே இருக்கும் வண்டியை இன்னும் பத்து வருடம் ஓட்டுவது எப்படி என்பதே எங்கள் முன்னால் உள்ள கேள்வி. பலர் கண்ட விடை: பழைய எஞ்சினை இறக்கிவிட்டு, ஒரு படி பெரிய எஞ்சினை வீட்டு வாசலிலேயே ஏற்றுவது.

எங்கள் வீட்டிலும் அண்ணனின் ஹைலக்ஸுக்கு அதைத்தான் செய்தோம். 2.4 லீற்றர் எஞ்சின் போய் 2.8 வந்தது. அந்த வேலையில் கூட நின்றவன் என்ற முறையில், இதைச் செய்ய நினைப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுக்கிறேன்.

மலை எடுத்துக்கொள்ளும் பலம்

கொழும்பில் நன்றாக இழுத்த வண்டி இங்கே மூச்சு வாங்குவதற்குக் காரணம் ஏற்றம் மட்டுமல்ல. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. கடல் மட்டத்திலிருந்து 1500 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 14 சதவீதம் குறைந்துவிடுகிறது. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா நகரில் இன்னும் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின், உள்ளே இழுக்கும் காற்று குறைந்த அளவுக்குப் பலத்தையும் இழக்கிறது.

டொயோட்டாவின் 2எல் எஞ்சின் 2446 சிசி. 3எல் எஞ்சின் 2779 சிசி. வித்தியாசம் ஏறத்தாழ 14 சதவீதம். அதாவது மலை எடுத்துக்கொண்டதை இந்த மாற்றம் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். இங்கே 2.8 செய்வது, கொழும்பில் 2.4 செய்த வேலையைத்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் "பெரிய எஞ்சின் போட்டாச்சு, இன்னும் நாலு மூட்டை ஏற்றலாம்" என்று கணக்குப் போடுவதில்தான் ஆபத்து தொடங்குகிறது. ஸ்பிரிங், அச்சு, டயர், பிரேக் எல்லாம் பழைய சுமைக்குச் செய்யப்பட்டவை. எஞ்சின் மாறியதால் அவை பலமாகிவிடுவதில்லை.

எந்த எஞ்சின் பொருந்தும்?

வீட்டில் செய்வதானால் ஒரே குடும்பத்து எஞ்சின்தான் புத்திசாலித்தனம். டொயோட்டாவில் 2எல், 3எல், 2986 சிசி கொண்ட 5எல் ஆகியவை ஒரே குடும்பம். கியர் பெட்டியோடு பொருந்தும் போல்ட் துளைகள் ஒன்றாகவே அமைந்தவை. நிசானில் டிடி25 இருந்த வண்டிக்கு 2663 சிசி டிடி27 இதே உறவுமுறை. இவற்றில் டீசல் பம்ப் இயந்திர முறையில் இயங்குவதால் கணினிப் பெட்டியோ சிக்கலான வயரிங்கோ கிடையாது. ஹீட்டர் பிளக், ஸ்டார்ட்டர், ஓல்டனேட்டர், டீசலை நிறுத்தும் சுவிட்ச், ஒயிலுக்கும் வெப்பத்துக்குமான வயர்கள் ஆகியவற்றுடன் வேலை ஏறக்குறைய முடிந்துவிடும்.

வேறு குடும்பத்து எஞ்சின் என்றால் கதை வேறு. இடையில் தனித் தகடு செய்ய வேண்டும். மவுண்ட் வெட்டி ஒட்ட வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளமும் மாறலாம். அது லேத் பட்டறை வேலை, வாசல் வேலை அல்ல.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சின்கள் கிடைக்கின்றன. தண்ணீரால் கழுவிப் பளபளப்பாக வைத்திருப்பது எதற்கும் சான்றல்ல. கம்ப்ரஷன் மானியை வைத்து அளந்து பார்க்க வேண்டும். இந்தக் குடும்பத்து எஞ்சின் நல்ல நிலையில் சதுர சென்ரிமீற்றருக்குச் சுமார் 32 கிலோ காட்டும்; 20க்குக் கீழே போனால் திறந்து வேலை செய்ய வேண்டிய எஞ்சின். நான்கு சிலிண்டர்களுக்கும் இடையே 5 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. ஒன்றை நினைவில் வையுங்கள்: கொழும்பில் 32 காட்டும் அதே எஞ்சின் எங்கள் உயரத்தில் 27 அளவில்தான் காட்டும். காரணம் அதே மெலிந்த காற்று. இதைத் தெரியாமல் விற்றவரோடு சண்டைக்குப் போனவர்களும் உண்டு.

பற்றுச்சீட்டும் எஞ்சின் இறக்குமதியானதற்கான ஆவணமும் இல்லாமல் வாங்கக்கூடாது. எஞ்சின் இலக்கம் சுரண்டப்பட்டிருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பிவிடுவதே நல்லது.

இறக்குவதும் ஏற்றுவதும்

எஞ்சின் 200 கிலோவுக்கு மேல் கனம். செயின் பிளொக்கை லயத்துக் கூரை வளையில் மாட்டுவது இங்கே சாதாரணம். ஆனால் அந்த வளை தகரத்தைத் தாங்கப் போட்டது, எஞ்சினைத் தாங்க அல்ல. இரும்புக் குழாயில் முக்காலி செய்து, சமதரையில் நிறுத்தி, வண்டியின் நான்கு சில்லுகளுக்கும் கட்டை வைத்த பிறகே தூக்க வேண்டும். தூங்கும் எஞ்சினுக்குக் கீழே கை, கால் போகக்கூடாது.

ஒழுங்கு இது: முதலில் பற்றரியைக் கழற்றுதல், பிறகு ரேடியேட்டர் தண்ணீரையும் ஒயிலையும் இறக்குதல், பொனட், ரேடியேட்டர், சைலன்சர் குழாய், டீசல் குழாய்கள், வயர்கள். ஒவ்வொரு வயருக்கும் துண்டுச் சீட்டு ஒட்டுவது மறுநாள் அரை நாள் வேலையை மிச்சமாக்கும். கியர் பெட்டிக்கு ஜக் கொடுத்த பின்னரே இணைப்புப் போல்ட்களைக் கழற்ற வேண்டும். பழைய ஒயிலைக் கானில் ஊற்றினால் அது ஆக்ரோயாவில் சேர்ந்து, மேல் கொத்மலை நீர்த்தேக்கம் வரை போகும். கேனில் பிடித்துக் கராஜில் கொடுத்துவிடலாம்.

எஞ்சின் வெளியே இருக்கும்போதே கிளச் தட்டு, பின்பக்க ஒயில் சீல், டைமிங் பெல்ட், தண்ணீர்ப் பம்ப் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டுவிட வேண்டும். டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகளும் போகும். பிறகு மாற்றலாம் என்று விட்டால், வேலை இரண்டாக வரும். ரேடியேட்டரைக் கழுவிச் சரிபார்க்காமல் திரும்பப் பூட்டுவதும் கூடாது. முழுச் சுமையோடு இரண்டாம் கியரில் நீண்ட ஏற்றம் ஏறும் வண்டிக்குக் காற்று வேகம் கிடையாது, வெப்பம் மட்டும் உண்டு.

பிரேக் எங்கிருந்து வருகிறது?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்தப் பகுதியை வையுங்கள். பெற்றோல் எஞ்சினில் பிரேக் சர்வோவுக்குத் தேவையான வெற்றிடம் எஞ்சின் உறிஞ்சும் காற்றிலிருந்தே கிடைக்கும். டீசலில் அது கிடையாது. எல் குடும்பத்து எஞ்சின்களில் ஓல்டனேட்டரின் பின்புறத்திலுள்ள சிறு பம்ப்தான் அந்த வெற்றிடத்தை உண்டாக்குகிறது. அதற்கு எஞ்சினிலிருந்து ஒயில் போகும் ஒரு குழாயும், திரும்பும் ஒரு குழாயும் உண்டு. பஞ்சிகாவத்தை எஞ்சினோடு பம்ப் இல்லாத ஓல்டனேட்டர் வரலாம். கரண்ட் ஏறுகிறது, விளக்கு எரிகிறது என்று அதையே பூட்டி விடுகிறார்கள். வண்டி ஏற்றத்தில் பறக்கும்; இறக்கத்தில் பிரேக் பெடல் கல்லாக இருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்தான் பிரேக்குக்கு உயிர். டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் இறக்கும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. இரண்டு, மூன்று தடவை பெடலை அழுத்தியதும் சர்வோவில் மிஞ்சிய வெற்றிடம் தீர்ந்துவிடும். கியரின் பிடியும் இருக்காது.

ஒரு சிறு கணக்கு. வண்டியும் சுமையுமாக 2500 கிலோ, 300 மீற்றர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய சக்தி சுமார் 2 யூனிட் மின்சாரம். ஆயிரம் வாட் ஹீட்டரை இரண்டு மணி நேரம் எரித்த வெப்பம் அது. கீழ் கியரில் இறங்கினால் அதில் பெரும் பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் பிரேக்கே வாங்க வேண்டும். டொட் 3 வகைப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிப் பழசானால் 140 பாகையிலேயே கொதிக்கலாம். மூடுபனி பிரியாத ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றுவது வீண் செலவல்ல.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களின் பஸ் வேனுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி 7 பேர் உயிரிழந்தார்கள். எங்கள் வீதிகளின் இறக்கம் எவ்வளவு கொடியது என்பதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

புகையும் பத்திரமும்

கடல் மட்டத்துக்கு அளவு வைத்த டீசல் பம்ப், இங்கே குறைந்த காற்றுக்குக் கூடுதல் டீசலைக் கொடுக்கும். விளைவு கறுப்புப் புகை. இழுவைக்காகப் பம்ப் திருகாணியை இன்னும் திறந்தால் புகையோடு வெப்பமும் ஏறி, சிலிண்டர் ஹெட் வெடிக்கும் நிலை வரும். பம்பையும் இன்ஜெக்டரையும் டீசல் பட்டறையில் சோதித்து அளவு வைத்தால், வருடாந்தப் புகைப் பரிசோதனையும் தலைவலியாகாது. அது தேறாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது.

வாகனப் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் பதியப்பட்டிருக்கும். எஞ்சின் மாறினால் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பலர் தவிர்ப்பது இந்த அலைச்சலைத்தான். ஆனால் விபத்து நடந்தபின் சான்றிதழில் ஒரு இலக்கமும் வண்டியில் வேறொரு இலக்கமும் இருந்தால், இழப்பீடு கேட்டு நிற்பவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நிலைக்கு வந்துவிடுவார். வண்டியை விற்கும் நாளிலும் அதே சிக்கல் வரும்.

செலவுக் கணக்கு எழுதும்போது எஞ்சின் விலையை மேலே எழுதுவது வழக்கம். பிரேக் சாமான், ரேடியேட்டர், பம்ப் அளவு வைப்பது, பதிவுத் திருத்தம் ஆகிய நான்கையும் முதலில் எழுதிப் பாருங்கள். மீதிப் பணத்துக்கு எஞ்சின் வாங்க முடிந்தால் வேலையைத் தொடங்கலாம். முடியாவிட்டால் இருக்கும் எஞ்சினின் வால்வு இடைவெளி, இன்ஜெக்டர், காற்று வடிகட்டி ஆகியவற்றைச் சரிசெய்து, இரண்டு மூட்டை குறைவாக ஏற்றி ஓட்டலாம். பின்பெட்டியில் மூட்டையோடு மனிதர்களும் ஏறுகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.