பயணியிலிருந்து நோயாளிக்கு: அயல்நாட்டு மருத்துவத் தொண்டுப் பயிற்சியின் வரலாறு

அயல்நாட்டில் மருத்துவத் தொண்டு செய்யப் புறப்படும் மாணவருக்கு எதைக் கற்பித்து அனுப்புவது? மேற்குலக மருத்துவக் கல்வி இக்கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக விடை தேடிவருகிறது. அந்தப் பாடத்திட்டத்தில் நோயாளி இடம்பிடித்தது மிகவும் பிந்தித்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முறையான முன்முயற்சிகளில் ஒன்று, 1841இல் தோன்றிய எடின்பரோ மருத்துவ மிஷனரிச் சங்கத்துடையது. அயல்நாட்டு மிஷன் பணிக்குத் தயாரான மாணவர்கள், ஐரிஷ் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த, அந்நகரின் கவுகேட் தெருவின் இலவச மருந்தகத்தில் பயின்றார்கள். அங்கே மேற்பார்வைக்கு மூத்த மருத்துவர் இருந்தார். நோயாளியோடு பேச மொழியும் இருந்தது. கடல் கடந்த பிறகு இவ்விரண்டுக்கும் உத்தரவாதமில்லை.

மொழிக்குறையை அன்று ஈடுகட்டியது தங்கிய காலத்தின் நீளம்தான். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிரீன், தமிழ் கற்று, மானிப்பாயில் உள்ளூர் மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றியல் உள்ளிட்ட நூல்களைத் தமிழாக்கினார். இரு தவணைகளாக இருபது ஆண்டுகளுக்குமேல் தங்கியவருக்கு அது கைகூடியது. இன்று ஆறு வாரம் வந்துபோகிற மாணவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

மிஷன் பயிற்சிக்கு அடுத்து வந்தது வெப்பமண்டல மருத்துவம். கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணியைப் பிரிட்டிஷ் மருத்துவர் ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். மறு ஆண்டே லிவர்பூலிலும், 1899இல் லண்டனிலும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிகள் எழுந்தன. லிவர்பூல் பள்ளிக்குப் பணம் தந்தவர் மேற்கு ஆப்பிரிக்காவோடு வணிகம் செய்த கப்பல் முதலாளி ஆல்ஃபிரட் ஜோன்ஸ். அறிவியலில் அது பெரும் பாய்ச்சல், மறுப்பதற்கில்லை. ஆனால் அப்பள்ளிகள் முதலில் காக்க நினைத்தது காலனி அதிகாரியின் உயிரையும் வணிகத்தையும்தான்.

1960களில் மிஷனரியின் இடத்துக்கு மாணவத் தொண்டர் வந்தார். மெக்சிகோவுக்குக் கோடைத் தொண்டு செய்யக் கிளம்பும் அமெரிக்க மாணவர்களிடம், 1968 ஏப்ரலில் சமூக விமர்சகர் இவான் இலிச் ஆற்றிய உரை அவர்களின் நல்லெண்ணத்தையே கேள்விக்குள்ளாக்கியது. பார்க்க வாருங்கள், கற்க வாருங்கள், உதவி செய்வதாக வராதீர்கள் என்பதே அதன் சாரம். மருத்துவக் கல்லூரிகளின் காதில் அது ஏற நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

இடைக்காலத்தில் பயணப்பை மட்டும் கனத்தது. எச்.ஐ.வி. பரவிய நாடுகளுக்குச் சென்ற பிரிட்டிஷ் மாணவர்கள் பலர், ஊசி குத்திவிட்டால் உடனே விழுங்க வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளை எடுத்துச் சென்றார்கள். அதே வார்டில் அதே ஊசியைக் கையாண்ட உள்ளூர் செவிலிக்கு அம்மாத்திரை கிடைக்குமா என்பது பாடத்துக்கு வெளியே நின்ற கேள்வி.

கனடாவில் 2008இல் வெளியான பயணமுன் பயிற்சி வழிகாட்டி ஐந்து தலைப்புகளை வகுத்தது: மாணவரின் உடல்நலம், பயணப் பாதுகாப்பு, பண்பாட்டுத் திறன், மொழித்திறன், அறநெறி. அந்த வரிசையே ஒரு வரலாறு. தாய்நாட்டில் செய்ய அனுமதியில்லாத சிகிச்சையை வெளிநாட்டில் செய்துபார்க்கும் வழக்கத்துக்கு எதிராக, அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 2011இல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த, அயல்நாட்டு மருத்துவப் பயிற்சிக்கான ‘வெயிட்’ (WEIGHT) அறநெறி வழிகாட்டு நெறிமுறைகள் இன்னும் ஒரு படி போயின. மாணவரோடு, அவரை அனுப்பும் நிறுவனம், ஏற்கும் நிறுவனம், நிதி தருவோர் ஆகியோரின் கடமைகளையும் அவை பேசின. விருந்தினரால் ஏற்கும் மருத்துவமனைக்கு ஆகும் செலவையும் கணக்கில் கொண்டன. வந்த மாணவருக்கு மேற்பார்வை தரும் ஒவ்வொரு மணிநேரமும், உள்ளூர் மருத்துவர் தம் நோயாளிக்கும் தம் மாணவருக்கும் தரவேண்டிய நேரத்திலிருந்துதான் கழிகிறது.