மாரியில் தோல் சப்பாத்து: நனையாமல் காப்பதும், நனைந்தால் உலர்த்துவதும்

கண்ணிவெடி அகற்றும் வேலையில் சேர்ந்த முதல் மாரியிலேயே எனக்குக் கிடைத்த தோல் சப்பாத்தை நானே கெடுத்துவிட்டேன். முகமாலையில் அன்று பிற்பகல் பெய்த மழையில் அது ஊறிப்போயிருந்தது. மறுநாள் விடியற்காலையில் மறுபடியும் போட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் தணல் இருந்த பக்கமாக வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் சப்பாத்து காய்ந்திருந்தது, ஆனால் பலகைபோல விறைத்திருந்தது. முழந்தாளில் இருந்து மண்ணை விறாண்டுவதுதான் எங்கள் வேலை. ஒவ்வொரு தடவை முழந்தாளிடும்போதும் சப்பாத்து விரல் மடியும் இடத்தில் வளையும். மூன்றாம் கிழமை அந்த மடிப்பில் வெடிப்பு விழுந்தது. அடுத்த சோடி கிடைக்கும்வரை ஈரக்காலோடுதான் வேலை செய்தேன்.

அதன்பின் எட்டு வருடம் அந்த வேலையில் இருந்தேன். மழையால் கெட்ட சப்பாத்துகளைவிட, மழைக்குப் பிறகு நாம் காட்டிய அவசரத்தால் கெட்டவையே அதிகம் என்பதை அங்கு கண்டேன்.

எங்கள் பகுதிகளில் தோல் சப்பாத்து பலருக்கும் தேவையான பொருள். கண்ணிவெடி அகற்றுவோர், காவலாளிகள், கட்டட வேலை செய்வோர், காட்டோரம் தோட்டம் செய்வோர் எனப் பலர் அணிகிறார்கள். வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் வேட்டைச் சப்பாத்துகளும் மலையேறும் சப்பாத்துகளும் பல வீடுகளில் இருக்கின்றன. யுத்தத்தில் ஒரு காலை இழந்தவர்களுக்கும், காலில் ஷெல் துண்டோடும் பழைய காயத்தழும்போடும் நடப்பவர்களுக்கும், ஈரமில்லாத ஒரு சப்பாத்து வெறும் வசதி மட்டுமல்ல. மிச்சமிருக்கும் காலை அதுதான் காக்கிறது.

தோல் ஏன் நனைகிறது?

தோல் என்பது நுண்ணிய நார்கள் பின்னிக் கிடக்கும் ஒரு பொருள். பதனிடும்போது அந்த நார்களுக்கிடையே எண்ணெய் ஏற்றுவார்கள். நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கி அசைவதற்கு அந்த எண்ணெய்தான் காரணம். தோல் திரும்பத் திரும்ப நனைந்து காயும்போது எண்ணெய் குறைந்துகொண்டே போகிறது. ஈரத்தோலில் கடும் சூடு பட்டால் நார்கள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. அப்படி விறைத்த தோல் வளையும் இடத்தில் வெடிக்கும். வெடித்த பின் எந்த எண்ணெயும் அதைப் பழையபடி ஆக்காது.

அதேவேளை தோலுக்குக் காற்றும் வேண்டும். காலின் வியர்வை ஓரளவு தோல் வழியாகவே வெளியேறுகிறது. எண்ணெயையும் மெழுகையும் தடிப்பாக அப்பி எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டால், மழை உள்ளே வராவிட்டாலும் கால் தன் வியர்வையிலேயே ஊறும். மழைத்துளி வழுக்கி விழும் அளவுக்கு மெல்லிய பூச்சு இருந்தால் போதும்.

எந்தத் தோல் என்று பாருங்கள்

ஒரு துளி தண்ணீரைச் சப்பாத்தில் விடுங்கள். சில நிமிடத்தில் அந்த இடம் கறுத்து ஊறினால் தோலுக்குப் பூச்சு தேவை. துளி உருண்டு ஓடினால் பழைய பூச்சு இன்னும் இருக்கிறது, அல்லது மேலே பிளாஸ்ரிக் படலம் பூசிய மலிவான தோல். பிளாஸ்ரிக் படலம் எண்ணெயை உறிஞ்சாது. அதற்கு எண்ணெய் பூசுவது வீண். துடைத்து, தையலுக்கு மட்டும் மெழுகு தேய்த்தால் போதும்.

வெல்வெட்போல மயிர்த்தன்மை உள்ள தோலுக்கு எண்ணெயும் மெழுகும் கூடாது. அது படிந்து கறுத்துவிடும். அதற்கென விற்கும் தெளிப்பு வகையே பொருந்தும். கோர்டெக்ஸ் போன்ற நீர்காப்புச் சவ்வு உள்ளே வைத்துத் தைத்த வேட்டைச் சப்பாத்துகளுக்கும் கனமான கொழுப்பைப் பூச வேண்டாம். சவ்வு வியர்வையை வெளியே விடுவதற்காகவே இருக்கிறது, கொழுப்பு அந்த வழியை மறித்துவிடும்.

பூச்சு போடுவது எப்படி?

மாரி தொடங்குமுன், புரட்டாசியிலேயே இதைச் செய்துவிடுங்கள். லேசைக் கழற்றுங்கள். உலர்ந்த மண்ணைப் பழைய பற்தூரிகையால் தட்டி எடுத்து, ஈரத்துணியால் துடையுங்கள். கடும் அழுக்கிருந்தால் மட்டும் சிறிதளவு சவர்க்காரம் பாவியுங்கள். பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ துடைக்க வேண்டாம். அவை அழுக்கோடு தோலின் எண்ணெயையும் கரைத்துவிடும். பிறகு நிழலில் நன்றாக உலர விடுங்கள்.

கடையில் தோல் மெழுகோ கிறீசோ கிடைத்தால் நல்லது. பொலிஷ் நிறத்துக்கும் மினுக்கத்துக்குமே, மாரி மழையை அது மட்டும் தாங்காது. கடையில் கிடைக்காவிட்டால் வீட்டில் செய்யலாம். தேன்மெழுகு 1 பங்கு, தேங்காய் எண்ணெய் 2 பங்கு எடுத்து ஒரு தகரப் பேணியில் போடுங்கள். பேணியைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை செல்சியஸில் உருகிவிடும். பேணியை நேராக அடுப்பில் வைத்தால் தீப்பற்றும். ஆறியதும் களிம்புபோல இறுகும். இறுக்கம் போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் மெழுகு சேர்த்து மறுபடி உருக்குங்கள்.

தேங்காய் எண்ணெயைத் தனியாகப் பூசினால் தோல் மென்மையாகும், ஆனால் மழை நிற்காது. அளவுக்கு மிஞ்சினால் தோல் தொய்ந்துவிடும், பூஞ்சணமும் பிடிக்கும். நல்லெண்ணெய் நாட்பட ஒட்டும் தன்மைக்கு வரும், மணமும் மாறும். அவசரத்துக்கு வசலின் தேய்க்கலாம். அது சில நாட்களுக்குத் தாங்கும்.

களிம்பை விரலால் எடுத்துத் தேய்ப்பதே நல்லது. விரலின் சூட்டில் மெழுகு இளகி உள்ளே இறங்கும். முதலில் கண்ணில் படாத ஓரிடத்தில் தேய்த்துப் பாருங்கள், தோலின் நிறம் சற்றுக் கறுக்கும். தண்ணீர் அதிகம் நுழைவது தையல் துளைகளாலும், மேற்தோல் அடியோடு சேரும் விளிம்பாலும், நாக்கு தைத்த இடத்தாலும்தான். ஆகவே அந்த இடங்களில் பற்தூரிகையால் இரண்டு தடவை தேயுங்கள். ஒரு இரவு விட்டு, மேலே நிற்கும் மெழுகைத் துணியால் துடைத்துவிடுங்கள். தினமும் மழையில் நிற்பவர்கள் இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தடவை இதைச் செய்தால் போதும். கோடையில் ஒன்றிரண்டு தடவை போதுமானது.

நனைந்துவிட்டால்

எப்படிப் பூசினாலும் ஒருநாள் நனையத்தான் செய்யும். அன்றைய இரவில் செய்வதுதான் சப்பாத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

முதலில் சேற்றைக் கழுவுங்கள், காய விட்டால் சேறு தோலின் எண்ணெயை உறிஞ்சும். லேசையும், உள்ளே கிடக்கும் மெத்தையையும் வெளியே எடுத்துத் தனியாக உலர்த்துங்கள். சப்பாத்தின் வாயை நன்றாக விரித்து, பழைய பத்திரிகைக் கடதாசியைக் கசக்கி விரல் நுனிவரை நிரப்புங்கள். ஒரு மணித்தியாலத்தில் கடதாசி ஊறிவிடும். அதை எடுத்துப் புதிதாக வையுங்கள். படுக்கைக்கு முன் இன்னொரு தடவை மாற்றுங்கள். அடியும் காய்வதற்காகச் சப்பாத்தைப் பக்கவாட்டில் சரித்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மின்விசிறி இருந்தால் அதன் முன்னால் வைக்கலாம். அடுப்பு, தணல், தகரக் கூரைக்குக் கீழான வெக்கை, நேர் வெயில் எதுவும் வேண்டாம். சூடு தோலோடு அடியை ஒட்டிய பசையையும் இளக்கிவிடும்.

இப்படி முழுதாகக் காய ஒன்று முதல் இரண்டு நாள் எடுக்கும். அதனால்தான் இயன்றவர்கள் இரண்டு சோடி வைத்து மாறி மாறிப் போடுவது மலிவு என்கிறேன். ஒரு சோடிதான் உண்டென்றால் கடதாசியை மாற்றுவதில் கவனமாக இருங்கள், காலுறையையாவது உலர்ந்ததாகப் போடுங்கள். தோல் முக்கால்வாசி காய்ந்து, இலேசான ஈரம் இருக்கையில் மெல்லியதாக எண்ணெய் தேய்த்தால் விறைக்காது.

மாரியில் இரண்டு கிழமை போடாமல் வைத்தாலே பூஞ்சணம் படரும். வெளியே கொண்டுபோய்த் துடைத்து, வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்த துணியால் உள்ளும் புறமும் தேய்த்து உலர்த்துங்கள். உவர்நீரிலும் கடலோரத்திலும் நடந்த சப்பாத்தில் காய்ந்த பின் வெள்ளைக் கோடு விழும். அது உப்பு. நல்ல தண்ணீரால் துடைத்து, பின் அதே வினாகிரித் தண்ணீரால் துடைத்தால் போய்விடும். இரண்டுக்கும் பிறகு எண்ணெய் மறுபடி பூச வேண்டும்.

அலுமாரியில் வைத்த புதுச் சப்பாத்து

வெளிநாட்டிலிருந்து வந்த நல்ல சப்பாத்தை ஒரு விசேட தேவைக்கென்று வருடக்கணக்கில் பொத்தி வைப்பவர்கள் உண்டு. பொலியூரித்தேன் என்ற பொருளால் செய்த அடிகள் ஈரக்காற்றில் மெல்ல மெல்லச் சிதைகின்றன. நாலைந்து வருடத்துக்குப் பின் எடுத்துப் போட்டால், பார்க்கப் புதிதாக இருக்கும் சப்பாத்தின் அடி நடுவழியில் கேக் துண்டுபோல உதிரலாம். பெட்டியில் பூட்டி வைப்பதைவிடப் போட்டு நடப்பதே அதற்கு நல்லது. பழைய சோடியை எடுத்தால் தூரப் பயணத்துக்கு முன் அடியைக் கையால் வளைத்துப் பாருங்கள். மேற்தோல் நன்றாக இருந்தால் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து றப்பர் அடி போடுவிக்கலாம்.

காயம்பட்ட கால்களுக்கு

செயற்கைக் கால் அணிபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கால் பொருத்தும்போது அணிந்திருந்த சப்பாத்தின் குதி உயரத்துக்கு ஏற்பத்தான் அதைச் சரிசெய்திருப்பார்கள். குதி தேய்ந்தாலோ, வேறு உயரமுள்ள சப்பாத்தை மாற்றினாலோ முழங்காலில் விழும் பாரம் மாறிவிடும். ஆகவே குதி தேயும்போதே, இரண்டையும் சேர்த்துத் திருத்துங்கள். செயற்கைப் பாதத்துக்கு ஈரம் தெரியாது என்பதால் அந்தச் சப்பாத்தையும் தினமும் கையை விட்டுப் பார்த்து உலர்த்த வேண்டும்.

நரம்பு பாதிக்கப்பட்ட காலுக்கும் நீரிழிவு உள்ளவரின் காலுக்கும் கல் குத்துவது உணராமல் போகலாம். போடுமுன் சப்பாத்தைத் தலைகீழாகத் தட்டுங்கள். தேளும் பூரானும் உள்ளே ஒதுங்கும் காலத்தில் இது எல்லோருக்கும் பொருந்தும். மாலையில் கழற்றியதும் விரல் இடுக்குகளைத் துடைத்து, புண் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

சப்பாத்தால் ஆகாதவை

தோல் சப்பாத்து மழைக்கும் முள்ளுக்கும் உரியது. தேங்கிய வெள்ளத்தில் நின்று வேலை செய்ய உயரமான றப்பர் பூட்ஸ்தான் வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி ஊறிய தோலாலும் சிறு கீறலாலும் உடலுக்குள் போகும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைப் பறித்தது. வயலில் இறங்குவோர் தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். வயலில் நின்றபின் காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

எங்களிடம் பலர் கேட்ட இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். எந்தத் தோல் சப்பாத்தும் மிதிவெடியிலிருந்து காலைக் காப்பாற்றாது. கண்ணிவெடி அகற்றுபவரைக் காப்பது சப்பாத்தல்ல, துப்புரவு செய்த பாதையை விட்டு விலகாத ஒழுங்குதான். இலங்கை 2017இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்த பின்னும் வேலை முடியவில்லை. பெருவெள்ளம் புதைந்து கிடப்பதை வெளியே கொண்டுவரலாம், இடமும் மாற்றலாம். மண்டையோட்டுப் பலகை உள்ள பக்கம் விறகுக்கோ மாடு தேடியோ போக வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் வந்த வழியே திரும்பி, பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.

எனக்குக் கிடைத்த இரண்டாவது சோடி நான்கு மாரி கண்டது. அதற்குச் செலவானது ஒரு பேணி மெழுகும், வீட்டில் சேர்ந்த பத்திரிகைக் கடதாசியும், இரவில் பத்து நிமிடமும்தான். இந்த மாரிக்கு உங்களிடம் இருக்கும் சோடியை இன்றே எடுத்து ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள்.