பதிவேட்டில் இல்லாத பிறப்பு: சாப்ளின் குடும்பமும் விக்டோரிய ஏழைகளின் ஆவணங்களும்

1952-ஆம் ஆண்டு பிரிட்டனின் உளவுத்துறையான எம்.ஐ.5 சார்லி சாப்ளினின் பிறப்புப் பதிவைத் தேடியது. அமெரிக்க அதிகாரிகள் அவரைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். உலகமே அறிந்த முகம். ஆனாலும் அவர் எங்கே, எந்த நாளில் பிறந்தார் என்று காட்டும் ஒரு வரிகூட அரசாங்கப் பதிவேடுகளில் அகப்படவில்லை. இன்றுவரை அகப்பட்டதாகத் தகவல் இல்லை.

இதில் மர்மம் தேடியவர்கள் உண்டு. பெயரை மாற்றிக்கொண்டார், வேறு நாட்டில் பிறந்தார் என்றெல்லாம் ஊகங்கள் கிளம்பின. விக்டோரியக் காலத்து உழைக்கும் மக்களின் ஆவணங்களோடு பழகியவர்களுக்கு இது வியப்பு தராது. அக்காலத்து ஏழைக் குடும்பம் ஒன்று மூன்று இடங்களில் எழுத்தில் பதிந்தது: தேவாலயப் பதிவேடு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஏழையர் நிவாரணச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட ஏடுகள். முன்னோரைத் தேடுவோர் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். ஏழைகளைப் பற்றி அதிகம் பேசுவது மூன்றாவதுதான் என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்குச் சாப்ளின் குடும்பத்தைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

தேவாலயப் பதிவேட்டின் கதை 1538-இல் தொடங்குகிறது. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் அந்த ஏடுகள் பாதிரியாரின் விருப்பப்படியே அமைந்தன. ஒருவர் தாயின் பெயரை எழுதுவார், இன்னொருவர் விட்டுவிடுவார். 1754-இல் நடைமுறைக்கு வந்த ஹார்ட்விக் திருமணச் சட்டம் மணமக்களும் சாட்சிகளும் ஒப்பமிட வேண்டும் என்றது. 1813 முதல் ஞானஸ்நானப் பதிவேடு அச்சிட்ட படிவமாக மாறியது. அதில் தகப்பனின் தொழிலுக்கும் குடியிருப்புக்கும் தனிப் பத்திகள் இருந்தன. ‘கூலியாள்’, ‘நெசவாளி’, ‘செருப்புத் தைப்பவர்’ என்ற சொற்கள் நாடெங்கும் ஒரே சீராகப் பதிவேட்டில் ஏறத் தொடங்கியது அப்போதுதான்.

1837 ஜூலை 1-ஆம் தேதி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்புகளை அரசே பதியத் தொடங்கியது. அதன்பின் திருமணப் பதிவில் மணமக்கள் இருவரின் தகப்பன் பெயரும் அவர்களின் தொழிலும் இடம்பெற்றன. ஒரு தாளில் இரண்டு தலைமுறை! குடும்ப வரலாறு தேடுவோருக்கு இதற்கு இணையான ஆவணம் இல்லை. ஆனால் ஒப்பமிடும் இடத்தைப் பாருங்கள். 1841-இல் மணமகன்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரும் மணமகள்களில் ஏறத்தாழ பாதிப் பேரும் பெயர் எழுதத் தெரியாமல் தற்குறியாகச் சிலுவைக்கோடு இட்டார்கள். தங்கள் பெயரைப் பிறர் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று அவர்களால் சரிபார்க்க முடியாது. ஒரே குடும்பப் பெயர் ஒரே ஊரில் நான்கு விதமாக எழுதப்பட்டிருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

கணக்கெடுப்பும் இதேபோல மெல்லத்தான் மனிதரை நெருங்கியது. 1801 முதல் 1831 வரை ஜான் ரிக்மன் நடத்திய நான்கு கணக்கெடுப்புகளும் தலைகளை எண்ணின. சில பங்குகளில் தற்செயலாக எஞ்சியவை தவிரப் பெயர்கள் இல்லை. 1841 ஜூன் 6-ஆம் தேதிக்குரிய கணக்கெடுப்பில்தான் நாடு முழுவதும் ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டது. அதிலும் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள்; 39 வயதுக்காரர் 35 ஆவார். வீட்டில் இருப்பவர்களுக்குள் என்ன உறவு என்ற கேள்வியே இல்லை. பிறந்த இடத்துக்கும் பெரும்பாலோருக்கு ‘இதே கவுண்டியா’ என்பதற்கு ஆம், இல்லை என்ற பதில் மட்டும். 1851-இல்தான் சரியான வயது, குடும்பத் தலைவருக்கு உறவுமுறை, மணமானவரா என்பது, பிறந்த பங்கு என எல்லாம் வந்தன. கிராமத்தை விட்டு மான்செஸ்டருக்கோ லண்டனுக்கோ பிழைக்கப் போன ஒரு தொழிலாளியை அவர் பிறந்த மண்ணோடு சேர்த்துவைப்பது இந்த ஒரு பத்திதான். ஊர் தெரிந்தால் அந்த ஊர்க் கோயில் ஏட்டுக்குப் போகலாம்.

இன்று நாம் படிக்கும் 1841 முதல் 1901 வரையிலான ஏடுகள் வீட்டுக்காரர் நிரப்பிய படிவங்கள் அல்ல. கணக்கெடுப்பாளர் அவற்றைப் பார்த்துப் படியெடுத்த புத்தகங்கள். எழுதத் தெரியாத வீட்டில் படிவத்தை நிரப்பியவரும் பெரும்பாலும் அவரே. வீட்டிலிருந்தபடி துணி வெளுத்தும் தைத்தும் சம்பாதித்த பெண்களின் தொழில் பத்தி பலமுறை வெற்றாக விடப்பட்டிருக்கிறது. 1911-இல்தான் வீட்டுப் படிவங்கள் அப்படியே பாதுகாக்கப்பட்டன. எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று மணமான பெண்களைக் கேட்ட படிவமும் அதுதான். அந்த இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு எளிதில் அடுத்த பக்கத்துக்குப் போய்விட முடியாது.

இனி சாப்ளின் குடும்பம். தாய் ஹன்னா ஹில், தென் லண்டனின் வால்வொர்த்தில் 1865-இல் பிறந்தவர். செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகள். தந்தை மூத்த சார்லஸ் சாப்ளின், கசாப்புக்காரரின் மகன். மியூசிக் ஹால் பாடகர். 1885 ஜூன் 22-ஆம் தேதி வால்வொர்த் தூய யோவான் ஆலயத்தில் இருவருக்கும் திருமணம் நடந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பு, மார்ச் 16-இல் ஹன்னாவுக்கு சிட்னி பிறந்துவிட்டார். சிட்னி ஜான் ஹில் என்று தாயின் குடும்பப் பெயரோடு அந்தக் குழந்தைக்குப் பதிவு இருக்கிறது. திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு உண்டு. சட்டப்படி மணந்த தம்பதிக்கு 1889 ஏப்ரலில் பிறந்த சார்லிக்கு இல்லை.

சட்டம் இல்லாததால் இது நேரவில்லை. 1874-ஆம் ஆண்டுச் சட்டம் 42 நாளுக்குள் பிறப்பைப் பதியும் பொறுப்பைப் பெற்றோர் மீது சுமத்தியிருந்தது. ஆனால் சாப்ளினின் வரலாற்றை எழுதிய டேவிட் ராபின்சன் சொல்வதுபோல, ஊர் ஊராக மேடை தேடி அலைந்த கலைஞர்கள் இதைத் தள்ளிப்போட்டு மறந்துபோவது எளிது. தண்டனையும் கடுமையாக அமல்படுத்தப்படவில்லை. எஞ்சியது 1889 மே 11-ஆம் தேதியிட்ட ‘தி மேக்னட்’ என்ற இதழில் வெளியான சிறு அறிவிப்பு. அது ஏப்ரல் 15 என்கிறது. சாப்ளின் தம் வாழ்நாளெல்லாம் கொண்டாடியது ஏப்ரல் 16.

கணக்கெடுப்பு இக்குடும்பத்தை இருமுறை காட்டுகிறது. 1891-இல் ஹன்னா இரு மகன்களோடு வால்வொர்த் பார்லோ தெருவில் இருக்கிறார்; கணவர் அந்த வீட்டில் இல்லை. 1901-இல் சிறுவன் சார்லி லாம்பெத்தின் ஃபெர்ன்டேல் சாலையில், ‘எட்டு லங்காஷயர் லாட்ஸ்’ என்ற நடனக் குழுவை நடத்திய ஜாக்சனின் வீட்டில் இருக்கிறார். இரண்டுக்கும் நடுவே பத்தாண்டு. கணக்கெடுப்பை மட்டும் நம்புகிற ஆய்வாளர், ஹன்னாவின் மகன் ஆடற்கலைஞன் ஆனான் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். அந்தப் பத்தாண்டில் நடந்தது அவருக்குத் தெரியவே வராது.

அதைச் சொல்பவை ஏழையர் நிவாரண ஏடுகள். 1834-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிழைக்க வழியற்றவர் உதவி பெற ‘வொர்க்ஹவுஸ்’ எனப்பட்ட ஏழையர் விடுதிக்குள் போக வேண்டும் என்பதே கொள்கை. உள்ளே ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் தனித்தனியே பிரிக்கப்பட்டார்கள். விடுதிகளை நடத்திய நிர்வாகக் குழுக்களுக்குச் செலவுக் கணக்கு முக்கியம். ஆகவே யார் எந்த நாளில் வந்தார், எந்த நாளில் போனார், வயது என்ன, எந்த மதம், யார் பராமரிக்கக் கடமைப்பட்டவர், முன்பு எங்கெங்கே குடியிருந்தார் என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். ஒரு பிறப்பைப் பதியத் தவறிய சமூகம், அதே பிள்ளைக்கு யார் கஞ்சி ஊற்றுவது என்ற கேள்வி எழுந்ததும் பக்கம் பக்கமாக எழுதியது.

1896 மே மாதம் ஹன்னா நோயுற்று மருத்துவமனையில் சேர்ந்தார். ஏழு வயது சார்லியும் சிட்னியும் ஏழையர் விடுதிக்குப் போனார்கள்; அங்கிருந்து ஹான்வெல்லில் இருந்த ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு. 1898 ஜூலையில் தாயும் மக்களும் மீண்டும் லாம்பெத் விடுதியில். பிள்ளைகள் நார்வுட் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். செப்டம்பரில் ஹன்னா கேன் ஹில் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். இத்தனையும் தேதியோடு ஏட்டில் உள்ளன.

1964-இல் வெளியான தன்வரலாற்றில் சாப்ளின் ஒரு நாளை நினைவுகூர்கிறார். பிள்ளைகளைப் பார்க்க ஏங்கிய ஹன்னா, விடுதியை விட்டுப் போவதாகச் சொல்லி மூவருமாக வெளியே வந்தார். கென்னிங்டன் பூங்காவில் சிட்னியிடம் இருந்த சில்லறைக்குச் செர்ரிப் பழம் வாங்கித் தின்றார்கள். செய்தித்தாளைச் சுருட்டிப் பந்தாக்கி விளையாடினார்கள். மாலையில் திரும்பிப் போய், மீண்டும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார்கள். எழுபதைத் தாண்டிய ஒரு மேதை தம் இளமையை அழகுபடுத்திக் கொள்கிறார் என்று இதைத் தள்ளிவிட இடமுண்டு. ஆனால் 1898 ஆகஸ்டில் அவர்கள் வெளியேறியதும் திரும்பச் சேர்ந்ததும் ஏட்டில் இருக்கின்றன. எழுத்தருக்கு அது தொல்லை தரும் இரண்டு வரி. நமக்கோ, ஒரு தாயின் அன்புக்கு அரசாங்க எழுத்திலேயே கிடைத்த சாட்சி.

பிறந்த இடத்தைப் பற்றிய சர்ச்சைக்கும் இங்கிருந்து ஒரு பதில் சொல்லலாம். பர்மிங்காம் அருகே ஸ்மெத்விக்கின் பிளாக் பேட்ச்சில், ஜிப்சிகளின் வண்டியில் சாப்ளின் பிறந்தார் என்று 1970-களில் ஒருவர் அவருக்குக் கடிதம் எழுதினார். சாப்ளின் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். அவர் பத்திரப்படுத்தியது ஆர்வத்தைக் காட்டும், பிறப்பை நிறுவாது. பிறப்புக்குப் பல பத்தாண்டு கழித்து எழுதிய கடிதம் ஒருபுறம். மறுபுறம் தாய் பிறந்ததும், மணமுடித்ததும், 1891-இல் பிள்ளைகளோடு குடியிருந்ததும் வால்வொர்த்தில். அந்தந்தக் காலத்தில் எழுதப்பட்ட சான்றுகளின் பக்கம் நிற்பதே ஆய்வு நெறி. எதிரான சமகால ஆவணம் ஒன்று வரும்வரை, தாம் வால்வொர்த்தில் பிறந்ததாகச் சாப்ளின் சொன்னதை மறுக்க ஆதாரம் போதாது என்பதே என் முடிவு.

விக்டோரியத் தொழிலாளர் குடும்பங்களை ஆராய வருவோர், கணக்கெடுப்பில் ஒரு பெயர் காணாமல் போனதும் அங்கேயே தேடலை முடித்துவிட வேண்டாம். அந்த ஆண்டின் விடுதிச் சேர்க்கை ஏட்டைக் கேட்டு வாங்குங்கள். லாம்பெத் நிர்வாகக் குழுவின் ஏடுகள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் (The London Archives) பொதுமக்கள் பார்வைக்கு இருக்கின்றன.