பாலைவன ஹைவேயில் ஒரு ராத்திரி... போர்டை மட்டும் பார்த்து மோட்டல் புக் பண்ணாதீங்க!

லாஸ் ஏஞ்சலிஸில் இருந்து கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்புக்கு சுமார் 790 கி.மீ. கூகுள் மேப்பில் போட்டால் ஏழரை, எட்டு மணி நேரம்னு காட்டும். "காலையில கிளம்பினா சாயங்காலம் போய்டலாம்"னு தோணும். ஆனா அந்த வழியில் பாதிக்கு மேல மொஹாவே பாலைவனம். கோடையில் 45 டிகிரி செல்சியஸ் அங்கே சர்வசாதாரணம். பார்ஸ்டோவில் இருந்து நீடில்ஸ் வரை சுமார் 230 கி.மீ. நீளத்துக்கு ஊர்னு சொல்ற மாதிரி எதுவும் கிடையாது. நடுவில் லட்லோ மாதிரி ஒண்ணு ரெண்டு இடத்தில் பெட்ரோல் கிடைக்கும், அவ்வளவுதான். அதனால நடுவில் ஒரு ராத்திரி தங்கிட்டுப் போறவங்கதான் அதிகம். அவங்க கண்ணுக்கு முதல்ல படுறது, ஹைவே ஓரத்தில் உயரமான கம்பத்தில் எரியும் மோட்டல் போர்டு.

அங்கே எம்.எஸ் படிக்கிற, ஆன்சைட்டில் இருக்கிற நம்ம ஆட்கள் அப்பா அம்மாவை ஊரில் இருந்து வரவழைச்சா கட்டாயம் கூட்டிட்டுப் போற ரூட் இது. அந்த ஒரு ராத்திரியை எப்படிக் கழிக்கிறது, எதைப் பார்த்து ரூம் எடுக்கிறதுன்னு பார்ப்போம்.

போர்டு ஒண்ணு, முதலாளி வேற!

மோட்டல் என்ற சொல் பிறந்ததே கலிஃபோர்னியாவில்தான். 1925-ல் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற ஊரில் ஆர்தர் ஹெய்ன்மன் என்ற கட்டடக் கலைஞர், காரில் வர்றவங்களுக்காக ஒரு விடுதி கட்டினார். 'மோட்டார்', 'ஹோட்டல்' ரெண்டையும் சேர்த்து 'மைல்ஸ்டோன் மோ-டெல்'னு பேர் வெச்சார். ரூம் கதவுக்கு நேர் எதிரே காரை நிறுத்தலாம் என்பதுதான் விஷயமே.

செயின் எல்லாம் அதுக்கு அப்புறம் வந்தது. கெம்மன்ஸ் வில்சன் என்பவர் குடும்பத்தோட ரோடு ட்ரிப் போனப்போ, போன இடமெல்லாம் குழந்தைகளுக்குத் தனிக் காசு கேட்டிருக்காங்க. கடுப்பாகி 1952-ல் மெம்ஃபிஸில் அவர் ஆரம்பிச்சதுதான் ஹாலிடே இன். 1962-ல் சான்டா பார்பராவில் ரெண்டு கான்ட்ராக்டர்கள் ஒரு ராத்திரிக்கு 6 டாலர் வாடகையில் தொடங்கினாங்க. அதனால அது 'மோட்டல் 6'. 1974-ல் தெற்கு டகோட்டாவில் 8.88 டாலருக்கு ஆரம்பிச்சது 'சூப்பர் 8'. பேரே விலைப்பட்டியல்! இன்னைக்கு அந்த விலையில் ரெண்டு காபிகூட சந்தேகம்தான்.

செயின் கொடுத்த வாக்குறுதி ஒண்ணே ஒண்ணு. தெரியாத ஊரா இருந்தாலும், இந்த போர்டு இருந்தா உள்ளே என்ன இருக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். ஆளில்லாத பாலைவனத்தில் அது பெரிய ஆறுதல்தான்.

ஆனா, அந்த வாக்குறுதியில் ஒரு ஓட்டை இருக்கு. பெரும்பாலான மோட்டல்களை போர்டில் இருக்கும் கம்பெனி நடத்துறதில்லை. நம்ம ஊர் பெட்ரோல் பங்க்கை நினைச்சுக்கோங்க. போர்டு ஆயில் கம்பெனியோடது, நடத்துறது டீலர். கழிவறை சுத்தமா இருக்கா இல்லையாங்கிறது டீலர் கையில். மோட்டலும் அதே மாதிரி ஃப்ரான்சைஸ்தான். கட்டடம், ஊழியர், ஏ.சி ரிப்பேர் எல்லாம் உள்ளூர் ஓனர் பொறுப்பு. பேர், புக்கிங் சைட், விதிமுறைகள் கம்பெனியோடது. சூப்பர் 8, டேஸ் இன், லா கின்டா, டிராவலாட்ஜ் எல்லாம் விண்டம் என்ற ஒரே கம்பெனியின் பிராண்டுகள்தான். அப்படியும் ஒரே போர்டு வெச்ச ரெண்டு மோட்டலில் ஒண்ணு பளிச்னு இருக்கும், இன்னொண்ணு பத்து வருஷமா பெயின்ட்டைப் பார்க்காம இருக்கும்.

அதனால பிராண்டுக்கு எத்தனை ஸ்டார்னு பார்க்கிறதில் பிரயோஜனமே இல்லை. நீங்க தங்கப்போற அந்த ஒரு கட்டடத்தோட ரிவ்யூவைப் பாருங்க. அதிலும் கடைசி மூணு மாசத்தில் வந்தது மட்டும். ஓனர் மாறினா ஆறு மாசத்தில் மோட்டலே மாறிடும். ரிவ்யூவில் 'ஏ.சி', 'மூட்டைப்பூச்சி', 'பூட்டு' ஆகிய மூணு விஷயத்தைத் தேடுங்க. 'காலை டிபன் சுமார்'னு புலம்பினவங்களைக் கண்டுக்காம விட்டுடலாம்.

கவுன்டரில் ஒரு படேல் அண்ணா

செக்-இன் கவுன்டரில் பேன்ட் சட்டையில் ஒரு குஜராத்தி பெரியவர் நின்னா ஆச்சர்யப்படாதீங்க. அமெரிக்க மோட்டல் தொழிலே பெருமளவு இந்திய வம்சாவளியினர் கையில்தான், அதிலும் குறிப்பா படேல்கள். 1940-களிலேயே கலிஃபோர்னியாவில் சின்ன விடுதிகளை எடுத்து நடத்தத் தொடங்கிட்டாங்க. 1972-ல் இடி அமின் உகாண்டாவில் இருந்து ஆசியர்களைத் துரத்தினப்போ, அங்கிருந்து வந்த சிலரும் இதே தொழிலில் இறங்கினாங்க. மோட்டல் வாங்கினா வீடும் கடையும் ஒண்ணு. குடும்பமே பின்னாடி ரூமில் தங்கிட்டு, கவுன்டர், துணி துவைக்கிறது, கிளீனிங் எல்லாத்தையும் பார்த்துக்கும்.

அது லேசா நடந்துடலை. பாங்கில் கடன் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லைன்னு கைவிரிச்சாங்க. போட்டி மோட்டல்காரங்க 'இது அமெரிக்கருக்குச் சொந்தமானது'ன்னு வாசலில் போர்டு மாட்டி வெச்சாங்க. அதை எதிர்கொள்ள 1989-ல் தொடங்கினதுதான் ஆசிய அமெரிக்க ஹோட்டல் ஓனர்கள் சங்கம். அமெரிக்காவில் இருக்கும் ஹோட்டல்களில் சுமார் 60 சதவீதம் தங்கள் உறுப்பினர்களோடதுன்னு அந்தச் சங்கம் இன்னைக்குச் சொல்லுது. மீரா நாயரோட 'மிஸ்ஸிஸிப்பி மசாலா' (1991) படத்தின் பின்னணியே ஒரு மோட்டல்தான். இதெல்லாம் போதாதுன்னு, 2024-ல் மோட்டல் 6-ஐ 52.5 கோடி டாலருக்கு வாங்கினது யார் தெரியுமா? நம்ம ஓயோ!

இதனால உங்களுக்கு என்ன லாபம்னா, ராத்திரி ஏதாவது பிரச்னைன்னா கால் சென்டருக்கு போன் போட்டு அரை மணி நேரம் மியூசிக் கேட்கத் தேவையில்லை. ஓனர் பெரும்பாலும் அங்கேயே இருப்பார். நேரா கவுன்டருக்குப் போய் மரியாதையா சொல்லுங்க, அவரால ரூம் மாத்திக் கொடுக்க முடியும்.

எந்த ஊரில் தங்குறது?

பலரும் கோட்டை விடுற இடம் இது. நீடில்ஸில் வாடகை கம்மியா இருக்கேன்னு அங்கேயே தங்கிடுவாங்க. கொலராடோ ஆற்றங்கரையில், கடல் மட்டத்தில் இருந்து வெறும் 150 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது. ஜூலையில் ராத்திரிகூட அனல் அடங்காது. இன்னும் ஒரு மணி நேரம், 100 கி.மீ. ஓட்டினா அரிசோனாவின் கிங்மேன் வந்துடும். அது 1,000 மீட்டர் உயரம். வெயில் பொதுவாவே ஐந்தாறு டிகிரி குறைவு. பெட்ரோலும் கலிஃபோர்னியாவை விட அரிசோனாவில் விலை குறைவு. அடுத்த நாள் காலையில் மூணு மணி நேரத்தில் கிராண்ட் கேன்யன். வயசான அப்பா அம்மா, கைக்குழந்தை கூட வந்தா யோசிக்கவே வேண்டாம், கிங்மேன்தான்.

ஒரே தொல்லை, ரயில். ஐ-40 ஹைவே கூடவே சரக்கு ரயில் பாதையும் ஓடுது. பார்ஸ்டோ, நீடில்ஸ், கிங்மேன், ஃபிளாக்ஸ்டாஃப் எல்லாமே ரயில்வே ஊர்கள். ராத்திரி முழுக்க நீள நீளமா கூட்ஸ் வண்டி போகும், ஹாரன் அடிக்கும். புக் பண்றதுக்கு முன்னாடி மேப்பில் தண்டவாளம் எங்கே இருக்குன்னு பாருங்க. செக்-இன் பண்ணும்போது 'ரயில் பக்கம் இல்லாத ரூம்'னு கேட்டு வாங்குங்க.

சாவி கையில் வந்ததும்...

லக்கேஜை இறக்காதீங்க. முதல்ல நீங்க மட்டும் உள்ளே போய் ஏ.சி-யைப் போட்டுட்டு, பத்து நிமிஷம் நில்லுங்க. ஜன்னலுக்குக் கீழே சுவரில் பதிச்ச பெட்டி மாதிரி ஏ.சி இருக்கும், சத்தம் போடத்தான் செய்யும். சத்தம் பிரச்னையில்லை, குளிர்காற்று வரலைன்னாதான் பிரச்னை. 45 டிகிரி வெயிலில் அது சொகுசு விஷயம் கிடையாது, உடம்பு விஷயம். காத்து சூடா வந்தா அப்பவே வேற ரூம் கேளுங்க. பெட்டியெல்லாம் பிரிச்சு, குளிச்சு, குழந்தை தூங்கினதுக்கு அப்புறம் மாறணும்னா யாருக்கும் மனசு வராது.

அந்தப் பத்து நிமிஷத்தில் மெத்தையின் விளிம்பைத் தூக்கித் தையல் ஓரத்தையும், தலைமாட்டுப் பலகை இடுக்கையும் மொபைல் டார்ச் அடிச்சுப் பாருங்க. கறுப்புப் புள்ளிகள் இருந்தா மூட்டைப்பூச்சி. பார்த்து முடிக்கிற வரைக்கும் பையை பாத்ரூம் தொட்டியில் வைக்கிறது பழைய ட்ரிக், இன்னைக்கும் வேலை செய்யுது. கதவில் உள்தாழ்ப்பாள் ஒழுங்கா விழுதான்னும் பாருங்க. மோட்டலில் கதவைத் திறந்தா நேரா பார்க்கிங்தான், நடுவில் லாபி கிடையாது. தனியா போற பெண்கள், ரூம் கதவு கட்டடத்துக்கு உள்பக்கமா திறக்கிற ஹோட்டல் வகையாப் பார்த்து எடுக்கிறது நல்லது. கொஞ்சம் கூடுதல் வாடகைதான், ஆனா கொடுக்கலாம்.

நம்ம ஊர் ஆட்களுக்குன்னே ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் இருந்து கொண்டுவந்த ரைஸ் குக்கர், கெட்டில் அங்கே சரியா சூடாகாது. அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம்மகிட்ட 230. அதோட, ரூமில் தாளிச்சா புகை அலாரம் அலறும், கிளீனிங் சார்ஜ் கார்டில் வந்து நிற்கும். பல ரூம்களில் மைக்ரோவேவும் குட்டி ஃப்ரிட்ஜும் இருக்கும். புளியோதரை, தயிர் சாதம் கட்டிட்டுப் போனா வேலை முடிஞ்சது. காலை டிபன் இருக்குமான்னு முன்னாடியே பாருங்க. மோட்டல் 6-ல் பொதுவா கிடையாது. இருக்கிற இடத்திலும் வாஃபிள், பிரெட், சீரியல், பழம்தான்.

காசு எங்கே எகிறுது?

ஆப்பில் பார்க்கிற வாடகை வேற, கட்டுற பில் வேற. லாட்ஜிங் டாக்ஸ் தனி, அது ஊருக்கு ஊர் மாறும். செக்-இன்னில் கார்டில் கொஞ்சம் டெபாசிட்டும் பிடிச்சு வைப்பாங்க. டெபிட் கார்டா இருந்தா அந்தப் பணம் திரும்பி வர சில நாள் ஆகும். கையில் இருக்கிறதை நம்பி ட்ரிப் போற ஸ்டூடன்ட்ஸ் இதைக் கணக்கில் வெச்சுக்கோங்க. சில இடங்களில் 21 வயசு ஆகலைன்னா ரூமே கொடுக்க மாட்டாங்க. மூணாவது கம்பெனி ஆப் வழியா புக் பண்ணினா, ரீஃபண்டுக்கு மோட்டல் 'ஆப்பைக் கேளு'ங்கும், ஆப் 'மோட்டலைக் கேளு'ங்கும். ரெண்டு மூணு டாலர் வித்தியாசம்தான்னா செயினோட சொந்த சைட்டிலேயே போட்டுடுங்க.

ராத்திரி 12 மணிக்கு மேல ஆகும்னு தெரிஞ்சா கட்டாயம் போன் பண்ணுங்க. கால் சென்டருக்கு இல்லை, அந்த மோட்டலோட நேரடி நம்பருக்கு. 'வரலை'ன்னு முடிவு பண்ணி ரூமை வேற ஆளுக்குக் கொடுத்துட்டா, பாலைவனத்தில் அடுத்த ரூம் 100 கி.மீ. தள்ளி இருக்கலாம். அரைத்தூக்கத்தில் அதை ஓட்டணும். நடுவில் பல இடங்களில் சிக்னலும் இருக்காது, அதனால பார்ஸ்டோ தாண்டுறதுக்கு முன்னாடியே கூப்பிட்டுடுங்க. நம்பரை பேப்பரில் எழுதி வெச்சுக்கோங்க, மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வெச்சுக்கோங்க.

செக்-அவுட் பெரும்பாலும் காலை 11 மணி. ஆனா எந்த 11? அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாத்தாது. அதே அரிசோனாவுக்குள் இருக்கும் நவாஹோ பழங்குடிப் பகுதி மாத்தும். மானுமென்ட் வேலி பார்க்க கயென்டாவில் தங்கினா, கிங்மேனை விட அங்கே ஒரு மணி நேரம் முன்னாடி. போன் பக்கத்து டவரைப் பிடிச்சு நேரத்தை மாத்திக் காட்டும் வாய்ப்பும் உண்டு. கவுன்டரில் மாட்டியிருக்கிற கடிகாரத்தைப் பார்த்து அலாரம் வைங்க.

கிளம்பும்போது ஐஸ் மெஷின் எங்கேன்னு கேளுங்க. பெரிய கூலர் பெட்டியை நிரப்ப சில இடத்தில் விட மாட்டாங்க, கேட்டுட்டு எடுங்க. ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் காரில் இருக்கணும். பவர் பேங்க், ஸ்ப்ரே பாட்டிலை வெயிலில் நிற்கும் காரில் விட்டு வைக்காதீங்க. டேங்க் பாதிக்குக் கீழே இறங்கினா, அடுத்த எக்ஸிட்டிலேயே பெட்ரோல் போட்டுடுங்க.