மரக்காணத்து வெயிலும் மார்வார் வெயிலும்

சிறுபாணாற்றுப்படையில் நம் கடற்கரையைப் பாடும் பகுதியில் ஓர் ஒட்டகம் வருவது தமிழ் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். பரிசு பெற்று வரும் பாணன், எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்லும்போது எயிற்பட்டினத்தைக் குறிப்பிடுகிறான். அங்கே அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள், உயரமான ஒட்டகம் படுத்துத் தூங்குவதுபோல் கிடக்கின்றனவாம். அவற்றை விறகாக எரித்து நுளையர் பெண்கள் கள் காய்ச்சுகிறார்கள். எயிற்பட்டினம் என்பது இன்றைய மரக்காணம் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூல் சொல்லும் சோபட்மா துறைமுகமும் இதுவே என்பாரும் உண்டு.

பாலைவனத்து விலங்கு நெய்தல் நிலத்துப் பாட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பது தனி ஆராய்ச்சி. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் வேறொரு கேள்வி எழும். ஒட்டகத்தின் ஊர் வெயில் கொடியதா, இந்தக் கட்டைகள் கிடந்த ஊர் வெயில் கொடியதா?

ஒவ்வொரு மே மாதமும் செய்தித்தாளில் ராஜஸ்தானில் 48 டிகிரி, 49 டிகிரி என்று போடுகிறார்கள். 2016 மே 19 அன்று ஜோத்பூர் பக்கத்துப் பலோடியில் 51 டிகிரி பதிவானது. அதைப் படித்துவிட்டு, "நமக்கு முப்பத்தாறு, முப்பத்தேழுதானே" என்று சொல்லிக்கொள்கிறோம். அந்தத் 'தானே' சரிதானா என்று பார்ப்பதுதான் இக்கட்டுரை.

தமிழருக்கு இரண்டு வெயிலும் பழக்கம். வறண்ட வெயிலைப் பாலை என்று தனித் திணையாக வைத்தோம். ஈர வெயில் நெய்தலின் அன்றாடம். இரண்டையும் ஒரே வாழ்நாளில் மாறிமாறி அனுபவித்தவர்கள் உமணர்கள். கடற்கரை அளங்களில் உப்பை ஏற்றிக்கொண்டு, மாட்டு வண்டி வரிசையாக உள்நாட்டுக்குப் போனவர்கள். அவர்கள் சுரம் கடந்து போவதைச் சங்கப் பாடல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கடுங்குளிருக்கு மட்டும் நம்மிடம் திணை இல்லை. முன்பனி, பின்பனி என்று நாம் பருவம் பிரித்ததெல்லாம் இலையில் படியும் பனிதான். உறைபனிக்கும் அதே சொல்லைத்தான் வைத்துக்கொண்டோம்.

இனி உடம்பின் கணக்குக்கு வருவோம். மனித உடம்பு எப்போதும் 37 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். வெளியே அதற்கு மேல் சூடு ஏறிவிட்டால் உடம்பைக் குளிர்விக்க நம்மிடம் இருக்கும் ஒரே கருவி வியர்வை. வியர்த்தால் மட்டும் போதாது, அது காய வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். சொட்டிக் கீழே விழும் வியர்வை எதையும் எடுத்துப் போகாது. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

மார்வாரில் காற்று எலும்பாகக் காய்ந்திருக்கும். வியர்வை வந்த சுவடு தெரியாமல் ஆவியாகிவிடும். சட்டை நனையாது. என் மகன் சில ஆண்டுகள் ஜோத்பூரில் வேலை பார்த்தான். ஒரு மே மாதம் அங்கே தங்கியிருந்தபோது நான் கவனித்தது இதைத்தான். வெளியே போனால் அடுப்பு வாயில் நிற்பதுபோல் இருக்கும், நிழலுக்குள் வந்த ஐந்தாவது நிமிடம் உடம்பு தெளிந்துவிடும். அந்த ஊர்க்காரர்கள் வெயிலில் உடம்பைத் திறந்துபோடுவதில்லை. தலைக்குப் பெரிய பாகை, முழங்கை மறைக்கும் தளர்ந்த உடை. தடித்த கல் சுவர், சிறிய ஜன்னல். பகலில் கதவைச் சாத்தி வெளிக்காற்றை விலக்குவார்கள். வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்தால் அறையே குளிர்ந்துவிடும். இரவில் மணல் சீக்கிரம் ஆறிவிடும். அங்கேயுள்ள ஆபத்து, தண்ணீர் வற்றுவது தெரியாமலேயே உடம்பு வற்றிவிடுவது. தாகம் எடுக்கக் காத்திராமல் குடிப்பதுதான் அதற்கு மருந்து.

கடுங்குளிர் இதற்கு எதிர்த்திசை. அங்கே உடம்பே அடுப்பு. அதன் சூடு வெளியேறாமல் மூடி வைக்க வேண்டும். காஷ்மீரிகள் பிரான் என்ற தொளதொள அங்கிக்குள் காங்கிரி என்ற கனல் சட்டியை வைத்துக்கொள்கிறார்கள். குளிர் கூடக் கூடத் துணியும் கூட வேண்டும், சாப்பாடும் கூட வேண்டும். சியாச்சினில் 1984 ஏப்ரலில் நம் ராணுவம் ஏறியதிலிருந்து, எதிரியின் குண்டை விடக் குளிரும் பனிச்சரிவும்தான் அதிகம் பேரைக் கொண்டுபோயின. 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி, சுமார் 19,600 அடி உயரத்தில், மதராஸ் ரெஜிமென்ட் 19-ஆவது பட்டாலியனின் பத்து வீரர்கள் பனிச்சரிவில் புதைந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். கர்நாடகத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்டு, பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் காலமானார். அவ்வளவு கொடிய இடத்திலும் மனிதன் ஆண்டு முழுவதும் தங்க முடிகிறது என்றால், குளிருக்கு மேலே மேலே போர்த்திக்கொள்ள வழி இருப்பதால்தான்.

கடற்கரை வெயிலுக்கு அந்த வழி இல்லை. ஓரளவுக்கு மேல் கழற்றிப்போட எதுவும் இல்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வைக்குப் போக இடமில்லை. முதுகில் வழிந்து வேட்டியை நனைக்கும். வெட்டிவேர்த் தட்டியும் இங்கே பெரிதாக உதவாது. வடநாட்டில் வீட்டையே குளிர்விக்கும் ஏர்கூலர் நம் கடலோர ஊர்களில் புழுக்கத்தைத்தான் கூட்டும் என்பது அதை வாங்கிப் பார்த்த குடும்பங்களுக்குத் தெரியும். இரவிலும் விடுதலை இல்லை. கடல் பகல் சூட்டை விடாமல் வைத்துக்கொள்ளும். விடியும்வரை உடம்பு ஆறாமலே மறுநாள் வேலைக்குப் போக வேண்டும்.

இதை அளக்க ஒரு வழி உண்டு. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிப் பார்ப்பதை ஈரக்குமிழ் வெப்பம் என்பார்கள். வியர்வை காய்ந்தால் உடம்பு எவ்வளவு தூரம் குளிரலாம் என்பதை அது காட்டும். 45 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 15 சதவீதம் என்றால், கணக்குப் போட்டால் ஈரக்குமிழ் வெப்பம் சுமார் 24 டிகிரிதான். 36 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் அது சுமார் 30 டிகிரி! செய்தித்தாளில் ஒன்பது டிகிரி குறைவாக இருக்கும் ஊர், உடம்பின் கணக்கில் ஆறு டிகிரி கூடுதல். ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஆளே சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டார் என்கிறது விஞ்ஞானம். வெயிலில் பலகை பிடித்து உப்பு வாருபவருக்கு அதற்கு வெகுமுன்பே ஆபத்து தொடங்கிவிடும்.

உப்பளத்துக்காரர்களுக்கு இந்த விஞ்ஞானம் வேறு வழியில் தெரியும். பாத்தியில் நீர் ஆவியானால்தான் உப்பு விளையும். உடம்பில் வியர்வை ஆவியானால்தான் சூடு இறங்கும். இரண்டும் ஒரே வேலை. காற்று உலர்ந்து வீசும் நாளில் பாத்தியும் நன்றாக விளையும், ஆளும் நிற்க முடியும். புழுக்கமான நாளில் பாத்தி காயாது, ஆளும் சோர்ந்துவிடுவார். வீட்டிலும் இதற்கு ஓர் அடையாளம் இருந்தது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். நம் அம்மாக்கள் கல்லுப்பு ஜாடியைத் திறந்து பார்த்தே காற்றின் ஈரத்தைச் சொல்லிவிடுவார்கள்.

சரி, நூற்றாண்டுகளாக இந்தக் கரையில் மனிதர்கள் எப்படித்தான் வேலை செய்தார்கள்? மரக்காணத்தில் பூமீசுவரர் கோயில் சோழர் காலத்திலிருந்தே நிற்கிறது. சோழர் கல்வெட்டுகள் உப்பளங்களை அளம் என்றும் பேரளம் என்றும் பெயரிட்டுச் சொல்கின்றன. 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாண உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீளும் பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் படகேறிச் சென்னைக்குப் போயின. அரசுகள் மாறின, வரி மாறியது, வண்டி போய்ப் படகு வந்து லாரி வந்தது. வேலை செய்யும் நேரம் மட்டும் மாறவில்லை. விடியும் முன் இறங்கு, வெயில் ஏறும் முன் கரையேறு என்பதுதான் அன்றும் இன்றும் வழக்கம். விடியற்காலையில் காற்றில் ஈரம் அதிகம்தான், ஆனால் தலைக்கு மேல் சூரியன் இல்லை, வெள்ளை உப்பிலிருந்து கண்ணுக்குள் அடிக்கும் கூசலும் இல்லை.

பாலைவனத்தான் சுவராலும் துணியாலும் சமாளித்தான். பனிநாட்டான் கம்பளியாலும் நெருப்பாலும் சமாளித்தான். நம் உப்பளத்தார் சமாளித்தது நேரத்தால். கூடவே பழைய சோற்று நீராகாரமும் கூழும் மோரும். தண்ணீர், உப்பு, கொஞ்சம் மாவுச்சத்து என்று இன்று மருத்துவர் கரைத்துக் கொடுக்கச் சொல்லும் கலவை, அந்தத் தூக்குச்சட்டியில் முன்பே இருந்தது.

பணம் உள்ளவர்கள் வேறு வழி பார்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஏரிப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். அதுதான் இன்றைய விவேகானந்தர் இல்லம். பங்கா இழுக்க ஆள் வைத்தார்கள். கோடையில் கவர்னர் உதகைக்கு ஏறினார். உப்பு வாரியவருக்கு விடியற்காலை ஒன்றுதான் சொந்தம்.

அந்த விடியற்காலை இப்போது போதவில்லை. இரவே சூடாகிவிட்டால் எந்த நேரத்துக்கு நகர்வது? சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்கிறார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. பெண்கள் பாடு இன்னும் மோசம். அளத்தில் ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். கல்லுப்பைக் குவித்துக் கொடுக்கும் கைகளின் உடம்பிலிருந்து உப்பும் நீரும் வடிந்துபோய், கடைசியில் சிறுநீரகம் பழுதாகிறது.

இதில் பெரிய தடை அந்த 'தானே'தான். 1950-களில் அமெரிக்காவின் பாரிஸ் ஐலண்ட் என்ற கடலோரப் பயிற்சி முகாமில் புதிய வீரர்கள் வெப்பத்தால் சரிந்து விழுந்தபோது, வெறும் வெப்பமானியை நம்பிப் பயனில்லை என்று கண்டு ஒரு புதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். அதில் ஈரக்குமிழுக்கு நூற்றுக்கு எழுபது பங்கு. வெயிலின் நேரடிச் சூட்டைப் பிடிக்கும் கறுப்பு உருண்டைக்கு இருபது பங்கு. நாம் செய்தித்தாளில் பார்க்கும் சாதாரண வெப்பநிலைக்குப் பத்தே பங்கு! நம் வானிலைத் துறையும் வெப்ப அலை அறிவிக்கச் சமவெளிக்கு 40 டிகிரி, கடற்கரைக்கு 37 டிகிரி என்று தனித்தனி அளவு வைத்திருக்கிறது. கடற்கரை வேறு என்று ஒப்புக்கொண்டதற்கு அது அடையாளம். ஆனால் ஈரப்பதம் கூடி 36 டிகிரியில் ஆள் விழுந்தால் அந்த அளவுக்குள் வராது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல தொடக்கம். ஆனால் நிவாரணம் இறந்த பிறகுதான் வரும். உயிரோடு இருக்கும்போது வேண்டியவை எளியவை. வரப்போரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை, குடிதண்ணீர், பெண்களுக்கு ஒதுங்க இடம், கூலி பிடிக்காமல் அரை மணி நேர ஓய்வு. சியாச்சினில் ஒரு வீரரைக் காக்க ஆகும் செலவில் சிறு துளி இதற்குப் போதும்.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வயது ஏற ஏற வியர்ப்பதும் குறையும், தாகமும் சரியாகத் தெரியாது. சென்னையிலும் புதுச்சேரியிலும் இருப்பவர்கள் காலை வானிலை அறிக்கையில் வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் சேர்த்துப் படியுங்கள். முப்பத்தாறுதானே என்று நடுப்பகலில் கடைக்குக் கிளம்பாதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வழியாகப் போகும்போது பகல் பதினொரு மணிக்கும் பாத்தியில் யாராவது குனிந்து நிற்பதைப் பார்த்தால், அவர் நிற்பது ராஜஸ்தானை விட இலேசான வெயிலில் அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.