டியூப்லெஸ் சில்லுக்கு டியூப் போடுவது எப்படி? ஒரு ரோட் பைக்கும் கல்முனைக் கரையோரமும்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பெற்றோல் வரிசையில் நின்று களைத்துப்போன எமது கரையோரம் மீண்டும் சைக்கிளுக்குத் திரும்பியது. கறல் பிடித்துக் கிடந்த லுமாலாக்கள் கழுவப்பட்டன. ஜப்பானில் இருந்து வரும் பாவித்த கியர் சைக்கிள்களுக்குக் கேள்வி கூடியது. வெளிநாட்டு உறவினர்கள் விடுமுறைக்குக் கொண்டுவந்து விட்டுப்போன ரோட் பைக்குகளும் வெளியே வந்தன. அப்படி ஒன்றுதான் பாண்டிருப்பில் எங்கள் வீட்டு விறாந்தையில் நிற்கிறது. லண்டனில் இருக்கும் மச்சானுடையது. அதன் பின் டயரில் காற்று நிற்காமல் போனபோதுதான் அது டியூப்லெஸ் என்பதே எனக்குத் தெரியவந்தது.

டியூப்லெஸ் என்றால் உள்ளே டியூப் இல்லை. டயரின் ஓரம் ரிம்மோடு இறுகப் பொருந்தி, ரிம்மின் உட்புறத்தில் ஒட்டிய டேப் கம்பித் துளைகளை மூடி, உள்ளே ஊற்றிய சீலன்ட் என்ற பால் போன்ற திரவம் சிறு துளைகளை அடைத்துவிடும். கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் இது பழைய கதை. ரோட் பைக்குக்கு 2006ஆம் ஆண்டளவில் ஷிமானோவும் ஹட்சின்சனும் கொண்டுவந்தன. எமது ஊரில் இதன் சிக்கல் அந்தத் திரவம்தான். குளிர் நாட்டிலேயே சில மாதங்களில் காய்ந்துவிடும். இங்குள்ள வெயிலில் இன்னும் விரைவாகக் காயும். சைக்கிள் கடைகளில் அதைக் கேட்டால் விழித்துப் பார்ப்பார்கள். ஆகவே இங்கே நடைமுறைக்கு ஏற்ற வழி, அந்தச் சில்லுக்குள் சாதாரண டியூப் போட்டு ஓடுவதே. தாராளமாகப் போடலாம். ஆனால் வழமையான முறையில் போட்டால் சில்லே பாழாகும்.

கல்முனையில் நான் போன கடையில் அதுதான் நடக்க இருந்தது. காக்கா சில்லைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த ஓட்டைக்குள்ள நம்மட டியூப் போகாது தம்பி. ட்ரில் போட்டுக் கொஞ்சம் பெருப்பிச்சா சரி" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. எமது சைக்கிள்களின் வால்வுக்கு எட்டரை மில்லிமீற்றர் அளவு துளை வேண்டும். ரோட் பைக் ரிம்மில் இருப்பது ஆறரை மில்லிமீற்றர் துளை. அதற்குள் பிரெஸ்டா என்ற ஒல்லியான வால்வ்தான் போகும். குறுகிய ரிம்மில் துளையைப் பெருப்பித்தால் அந்த இடம் பலவீனமாகும். அரம் போடாமல் விட்ட ஓரம் டியூப்பை அறுக்கும். கார்பன் ரிம் என்றால் ட்ரில்லைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. நான் சில்லைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். காக்கா கோபிக்கவில்லை. தேநீர் சொன்னார்.

அடுத்தது அளவு. கடையில் "இருபத்தெட்டு" என்று தரும் டயர் எமது பெரிய சைக்கிளுக்கு உரியது. ரிம்மில் அது உட்காரும் விட்டம் 635 மில்லிமீற்றர். ரோட் பைக்கின் 700சி டயருக்கு அந்த விட்டம் 622. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். 635 டயரை 622 ரிம்மில் போட்டால் சுலபமாக ஏறும், காற்று அடித்ததும் கழன்று வெடிக்கும். டயரின் பக்கத்தில் 28-622 என்பது போலச் சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள், பெயரைப் பார்த்து அல்ல. வெளிநாட்டில் இருப்பவரிடம் டியூப் கேட்பதாக இருந்தால் "700 × 25–32, பிரெஸ்டா" என்று எழுதி அனுப்புங்கள். வால்வின் நீளமும் முக்கியம். ரிம்மின் உயரத்தோடு 20 மில்லிமீற்றர் கூட்டினால் சரி. சும்மா "சைக்கிள் டியூப்" என்று சொன்னால் மோட்டார் சைக்கிள் போன்ற தடித்த வால்வோடு ஒன்று வந்து சேரும். எனக்கு முதலில் அதுதான் வந்தது.

இனி வேலை. பழைய டயரைக் கழற்றுவதுதான் முதல் சண்டை. டியூப்லெஸ் ரிம்மின் இரு ஓரத்திலும் ஒரு சிறிய மேடு இருக்கும், டயரின் ஓரம் அதற்கு அப்பால் பூட்டியது போல் உட்கார்ந்திருக்கும். காற்றை முழுதாக இறக்கி, இரு பெருவிரல்களாலும் டயரின் ஓரத்தை ரிம்மின் நடுவை நோக்கிச் சுற்றிவரத் தள்ளுங்கள். அது "டக்" என்று நடுப் பள்ளத்துக்குள் விழுந்த பிறகுதான் நெம்புகோல். அதுவும் பிளாஸ்டிக். ஸ்குரூ டிரைவர் வேண்டாம்.

டியூப்லெஸ் வால்வைக் கழற்றி வையுங்கள். ரிம் டேப் நன்றாக இருந்தால் அப்படியே விடுங்கள், கம்பித் துளைகளில் இருந்து டியூப்பைக் காக்க அது போதும். எமது கடைகளில் பழைய டியூப்பைக் கீலமாக வெட்டி ரிம்மில் சுற்றுவது வழமை. இந்தச் சில்லில் அதைச் செய்தால் நடுப் பள்ளம் நிரம்பிவிடும். பிறகு எத்தனை பேர் பிடித்து அமர்த்தினாலும் டயர் ஏறாது.

டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, பிறகு விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். இதை நான் செய்யவில்லை. சீலன்ட் இருந்த காலத்தில் குத்திய நெருஞ்சி முள் டயரிலேயே தங்கிவிடும், காற்று போகாததால் எவருக்கும் தெரியாது. டியூப் போட்டதும் அதே முள் வேலையைக் காட்டும். நிந்தவூருக்குப் புறப்பட்ட நான் ஐந்து கிலோமீற்றர் கூட ஓடவில்லை, சாய்ந்தமருதில் இறங்கி உருட்ட வேண்டியதாயிற்று.

தொண்ணூறுகளில் இதே வீதியில் பஞ்சராவதற்கு வேறு அர்த்தம் இருந்தது. இங்கு ஊர்கள் ஒன்றுவிட்டு ஒன்று. பாண்டிருப்பில் இருந்து காரைதீவுக்குப் போக வேண்டிய தமிழர் கல்முனைக்குடியையும் சாய்ந்தமருதையும் தாண்ட வேண்டும். மருதமுனையில் இருந்து கல்முனைக்கு வரும் முஸ்லிமுக்குப் பாண்டிருப்பு குறுக்கே. அப்பா புறப்படுமுன் இரண்டு டயரையும் அமுக்கிப் பார்க்காமல் சைக்கிளில் ஏறியதில்லை. பொழுதுபட்ட நேரம் மற்ற ஊரில் காற்றுப் போய் நிற்கக் கூடாது என்பதுதான் காரணம். மருதமுனையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு நெசவாளரும் தன் வாப்பாவைப் பற்றி இதையே சொன்னார். எனக்கு சாய்ந்தமருதில் ஒட்டுப் போட்டவர் முள்ளை எடுத்து உள்ளங்கையில் வைத்து, "இது பழைய முள் மகன்" என்றார்.

டயரின் ஒரு பக்கத்தை முழுதாக ஏற்றுங்கள். டியூப்பில் அது உருண்டை வடிவம் எடுக்கும் அளவுக்கு மட்டும் காற்று அடித்து உள்ளே வையுங்கள். மற்றப் பக்கத்தை வால்வுக்கு நேரெதிரே தொடங்கி இரு கைகளாலும் ஏற்றிக்கொண்டு வால்வில் வந்து முடியுங்கள். காரணம், வால்வின் அடிப்பாகம் நடுப் பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் தொடங்கினால், கடைசியில் தேவைப்படும் தளர்வு கிடைக்காது. ஏற்றும்போது அடிக்கடி நிறுத்தி, ஏற்கெனவே ஏறிய பகுதியைச் சுற்றிலும் கிள்ளிப் பள்ளத்துக்குள் தள்ளுங்கள். சில மில்லிமீற்றர் தளர்வு இப்படித்தான் வருகிறது. கடைசி ஒரு சாண் இறுகும்போது டியூப்பின் காற்றை இறக்கி, சவர்க்காரத் தண்ணீர் தடவி உள்ளங்கையால் உருட்டி ஏற்றுங்கள். அந்த நேரத்தில் நெம்புகோல் போட்டால் பெரும்பாலும் புது டியூப் கிள்ளுப்படும்.

ஏறியதும் வால்வை உள்ளே ஒரு தரம் தள்ளி வெளியே இழுங்கள். சுற்றிவர டயரை விலக்கி, டியூப் எங்காவது எட்டிப் பார்க்கிறதா எனப் பாருங்கள். கொஞ்சம் காற்று அடித்து, டயரில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா என்று பார்த்த பின்னரே மேலும் அடியுங்கள். டயர் மேட்டைத் தாண்டி உட்காரும்போது "டப்" என்று கேட்கும். பயப்பட வேண்டாம்.

எவ்வளவு காற்று? டயரிலும் ரிம்மிலும் எழுதிய உச்ச அளவுகளில் குறைந்ததற்கு மேல் போகாதீர்கள். ரிம்மின் உள் விளிம்பை விரலால் தடவுங்கள். உட்புறம் மடிந்த உதடு இல்லாமல் நேர்ச் சுவராக இருந்தால் அது ஹூக்லெஸ். அதில் 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐதான் எல்லை. உள்ளே டியூப் இருந்தாலும் டயர் ஹூக்லெஸ் ரிம்முக்கு ஏற்றதெனக் குறிப்பிட்ட டியூப்லெஸ் டயராகவே இருக்க வேண்டும், 28 மில்லிமீற்றருக்குக் குறைந்த டயர் வேண்டாம். உதடு உள்ள ரிம்மிலும் 28 மில்லிமீற்றர் டயருக்கு, 70 கிலோ எடையுள்ளவருக்கு 70 பிஎஸ்ஐ போதுமானது. மோட்டார் சைக்கிள் கடையில் காற்று அடிப்பதானால் பிரெஸ்டாவில் பூட்டும் சிறிய பித்தளை அடப்டர் தேவை. கம்ப்ரஸரை விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், இந்தச் சிறிய டியூப் சில வினாடிகளில் நிரம்பிவிடும்.

அந்த அடப்டர் ஒன்றை வாங்கிக் கல்முனைக் காக்காவின் கடையிலும் கொடுத்து வைத்திருக்கிறேன். வால்வ் நட்டை விரலால் மட்டும் இறுக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் குறட்டைத்தான் எடுக்கிறார்.