ஆக்ஸ்ஃபோர்டு பரிணாம விவாதம் (1860)

ஆக்ஸ்ஃபோர்டு பரிணாம விவாதம் 1860 ஜூன் 30 அன்று, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் நடந்தது. அது பிரித்தானிய அறிவியல் முன்னேற்றச் சங்க ஆண்டுக் கூட்டத்தின் ஓர் அமர்வு. ஆக்ஸ்ஃபோர்டு ஆயர் சாமுவேல் வில்பர்ஃபோர்சும் விலங்கியலாளர் தாமஸ் ஹக்ஸ்லியும் மோதிக்கொண்டதால் பெயர்பெற்றது. மதமும் அறிவியலும் நேருக்கு நேர் பொருதிய நாள் என்று பின்னாளில் இதை வருணித்தார்கள். அன்றைய அணிகளோ அப்படிப் பிரிந்திருக்கவில்லை.

1858-இல் மலாய்த் தீவுகளிலிருந்து இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் வாலஸ் அனுப்பிய கட்டுரையில், உயிரினங்களின் பரிணாமம் பற்றிய தன் கருத்தே இருக்கக் கண்டு இயற்கையியலாளர் சார்லஸ் டார்வின் திடுக்கிட்டார். அவ்வாண்டு ஜூலை 1-இல் இருவர் எழுத்துகளும் லண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859 நவம்பர் 24-இல் வெளிவந்தது. மனிதனின் தோற்றம் பற்றி அதில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. வாசகர்கள் சண்டையிட்டது அதைப் பற்றித்தான்.

விவாதத்துக்கு டார்வின் வரவில்லை; உடல்நலம் கெட்டு நீர்ச் சிகிச்சையில் இருந்தார். கூட்டமோ 700 பேருக்கு மேல். வில்பர்ஃபோர்ஸ் வெறும் சமயப் பேச்சாளர் அல்லர். கணிதம் படித்தவர், ராயல் சொசைட்டி உறுப்பினர். எகிப்தியக் கல்லறைகளில் கிடைத்த உயிரினங்களும் இன்றுள்ளவையும் ஒன்றாகவே இருப்பதைச் சுட்டி, இனங்கள் மாறுவதில்லை என வாதிட்டார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஹக்ஸ்லி குரங்கு வழி வந்தது பாட்டன் பக்கமா, பாட்டி பக்கமா என்று கேலியாகக் கேட்டதுதான் வினையாயிற்று. அறிவையும் செல்வாக்கையும் அறிவியல் விவாதத்தில் நையாண்டிக்குப் பயன்படுத்தும் மனிதரைவிடக் குரங்கையே பாட்டனாக ஏற்பேன் என்ற பொருளில் ஹக்ஸ்லி பதிலடி கொடுத்தார். முழுமையான பதிவு எதுவும் இல்லாததால் இருவரும் சொன்ன சொற்கள் நினைவுக் குறிப்புகள் வழியேதான் கிடைக்கின்றன. ஹக்ஸ்லியின் குரல் அவையை எட்டவில்லை, ஆயரை மடக்கியது தானே என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் டார்வினுக்கு எழுதினார். டார்வின் உலகம் சுற்றிய பீகிள் கப்பலின் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் அவையில் எழுந்து, டார்வினின் நூலைக் கண்டித்து, விவிலியத்தை நம்பும்படி வேண்டினார்.

எதிர்த்தவர்களில் அறிவியலாளர்களும் உண்டு. ராயல் சொசைட்டியின் அன்றைய தலைவர் பெஞ்சமின் பிராடி அந்த அவையிலேயே டார்வினை மறுத்துப் பேசினார். மறுபுறம், பாதிரியாரும் நாவலாசிரியருமான சார்லஸ் கிங்ஸ்லி நூலை முதலிலேயே வரவேற்றவர். ஆங்கிலத் திருச்சபை அந்த ஆண்டில் கலங்கியது டார்வினால் மட்டுமல்ல. விவிலியத்தை மற்ற நூல்களைப் போலவே ஆராய வேண்டும் என்று கோரிய ‘கட்டுரைகளும் திறனாய்வுகளும்’ தொகுப்புக்குக் கிளம்பிய எதிர்ப்பு இன்னும் கடுமையானது. அதை எழுதிய எழுவரில் ஒருவரான ஃபிரெடெரிக் டெம்பிள், விவாதத்துக்கு மறுநாளே ஆக்ஸ்ஃபோர்டில் அறிவியலுக்கு இணக்கமாக மறையுரை ஆற்றினார். பரிணாமத்தை வெளிப்படையாக ஏற்ற அவர் 1896-இல் திருச்சபையின் மிக உயர்ந்த பதவியான கேண்டர்பரி பேராயர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.